கன்று வீச்சும் கூட்டுறவுச் சங்கமும்

தேயிலைக் கொழுந்தின் விலை சரியும் மாதங்களில் நீலகிரியின் சிறு விவசாயியைத் தாங்குவது பெரும்பாலும் கறவைப் பசுவே. அப்பசு ஆறு மாதச் சினையில் கன்றை வீசிவிட்டால் நஷ்டம் கன்றோடு நிற்பதில்லை. அந்த ஈற்றுப் பாலும் குறைந்துபோகிறது. கண்ணேறு என்றும், மேட்டில் இடறியதால் வந்தது என்றும் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். பல சமயங்களில் காரணம் கருப்பையில் குடிகொண்ட கிருமியாகும்.

‘புரூசெல்லா’ எனப்படும் இக்கிருமியைக் கன்று வீசிய பசுக்களிடம் 1897-இல் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் பெர்னார்டு பாங். சினைப்பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்னும் சர்க்கரை போன்ற பொருள் மிகுதி. அது கிருமிக்கு நல்ல விருந்து. அங்கே பெருகி நஞ்சுக்கொடியைக் கெடுப்பதால், ஊட்டம் தடைப்பட்ட கன்று ஐந்தாம் மாதத்திற்குப் பின் வெளியே தள்ளப்படுகிறது.

நம்மை ஏமாற்றுவது இதற்குப் பிந்திய நிலையே. ஒருமுறை வீசிய பசு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் ஒழுங்காகவே கன்று ஈனும். ஆயினும் ஈற்று நீரிலும் பாலிலும் கிருமி வெளிப்படக்கூடும். அதனை மறைத்துச் சந்தையில் விற்பவர், நோயையும் சேர்த்தே விற்கிறார். நம் மலையின் குளிரும் ஈரமும் நிழலும் இக்கிருமியின் ஆயுளை நீட்டிப்பவை. ஆகவே வீசிய கன்றையும் கொடியையும் ஓடையில் எறியாமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். வெறுங்கையால் தொடலாகாது. மனிதருக்கு நீடித்த காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். கர்ப்பிணிக்குக் கருச்சிதைவும் நேரலாம். கொட்டகையில் ஈற்று வேலையை வீட்டுப் பெண்களிடமே விட்டுவிடும் வழக்கம் இங்கு மாற வேண்டியதே.

உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, அங்கே பாலைக் காய்ச்சினால் போதுமா என ஐயுறுவோர் உண்டு. தாராளமாகப் போதும். பாஸ்டியர் முறையில் 72 டிகிரிச் சூடு 15 விநாடி இருந்தாலே இக்கிருமி மடியும். (குன்னூரில் 1907-இல் தொடங்கப்பெற்ற நிலையம் தாங்கியிருப்பது அந்தப் பாஸ்டியரின் பெயரே.)

சங்கத்தில் சேரும் பாலைக்கொண்டே நோயைத் துப்பறியலாம். மாதிரிப் பாலில் நிறமூட்டிய சோதனை மருந்தைக் கலந்து வைத்தால், நோயுள்ள பாலில் ஆடைப் பகுதியில் நீல வளையம் தோன்றும். பின்னர் இரத்தப் பரிசோதனையால் பசுவைக் கண்டுகொள்ளலாம். நோயுற்ற பசுவை முற்றும் குணப்படுத்தும் நம்பகமான சிகிச்சை இல்லை. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒருமுறை போடும் தடுப்பூசியே காப்பு. 2019-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இதுவும் அடங்கும். காளைக் கன்றுக்கும் சினைப்பசுவுக்கும் இதனைப் போடுவதில்லை.

கணக்குத் தணிக்கையில் திடீரெனப் பால் குறைந்த அங்கத்தினர்களின் பெயர்கள் என் கண்ணில் படுகின்றன, காரணம் எழுதப்பட்டிருப்பதில்லை. காரியதரிசிகள் பதிவேட்டில் கன்று வீச்சுக்கு ஒரு பத்தியும், கிடேரிகளின் பிறந்த தேதிக்கு ஒரு பத்தியும் கோடிட்டு வைத்தால், கால்நடை மருத்துவர் வரும் நாளில் எந்தக் கொட்டகைக்கு முதலில் செல்வது என்பது தெரிந்துவிடும்.