எம்மூர் மண்ணும் நிலத்தோற்றமும்

உருசிய நாட்டுக் கருமண்ணின் இயல்பைப் பிழையறக் கூறும் மாணவன், தன் வீட்டுக் கிணற்றடி மண் யாதென வினவின் வாளாவிருக்கின்றான். இக்குறை நீங்க அவன் தன்னூர் மண்ணைத் தானே படமாக வரைதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறை மேல் அமைந்தது. வலிகாமத்தின் நடுவே செம்மண், தாழ்நிலத்தில் நரைநிற மண், கடனீரேரியோரம் உவர்மண். உயர வேறுபாடு சில மீற்றரே. எனினும் நீர் வடிதலை அதுவே பெரிதும் தீர்மானிக்கின்றது. நீர் நன்கு வடியுமிடத்து இரும்பு ஒட்சியேற்றமுற்று மண் சிவக்கும். தேங்குமிடத்து அச்செம்மை மங்கும். சாய்வு வழியே மண்கள் இவ்வாறு தொடர்ந்து நிற்றலை மில்ன் என்பார் கிழக்கு ஆபிரிக்காவில் ஆராய்ந்து, 1935 இல் சங்கிலி எனப் பொருள்படும் 'கற்றீனா' என்னும் பெயரால் வழங்கினார்.

செய்முறை எளிது. உரும்பிராயிலிருந்து கோப்பாயூடாகக் கடனீரேரிவரை படத்தில் ஒரு கோடு வரைக. அதன்வழி நடந்து, காணிக்காரரின் இசைவுடன் இடையிடையே குழி தோண்டி, நிறம், ஆழம், பயிர் என்பவற்றைக் குறிக்க. ஈரமண்ணை விரலிடை உருட்டின் மணலும் களியும் புலனாகும். ஐதான அமிலத்துளி நுரைப்பின் சுண்ணாம்பு உண்டு. இரு குழிகள் வேறுபடின் அவற்றிடையே மீண்டும் தோண்டியே எல்லை காண்க. கலட்டி, இருவாட்டி, உவர் என உழவர் வழங்கும் பெயர்களையும் கேட்டெழுதுக. அவை பல்லாண்டு அனுபவத்தின் விளைவு.

இப்பயிற்சி வெறும் பாடமன்று. செம்மண்ணூடு நீர் விரைந்திறங்குதலின், மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று சுண்ணக்கல்லிடை நின்ற நன்னீரைச் சேர்கின்றது. அந்நீரே எம் கிணற்று நீர். தோண்டிக் கண்ட மாணவன் இதனை மறவான்.