விண்மீன்கள் காட்டும் கிப்லா

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறிச் செல்கிறீர்கள். வெள்ளிமலையை அடையும் முன்பே இருட்டிவிடுகிறது. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோயிற்று. இஷா தொழ வேண்டும். கிப்லா எந்தப் பக்கம்? விடை தலைக்கு மேலேயே இருக்கிறது. அதைப் படிக்கும் வழக்கம்தான் நம் இல்லங்களில் அருகிவிட்டது.

இரு வானங்களும் தெரியும் மண்

கள்ளக்குறிச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஆகவே துருவ விண்மீனும் வடக்கு அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்திலேயே நிற்கும். கையை முன்னே நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது!

தில்லியிலிருந்து முழுமையாகக் காண இயலாத தெற்குச் சிலுவையும் இங்கே தெரியும். கல்வராயனுக்கு வடக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. வடவானையும் தென்வானையும் ஒருங்கே ஆராய அவ்விடம் ஏற்றதாக இருக்கிறது.

எந்த மாதத்தில் எது?

இரவு 9 மணிக்கு வெளியே வாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் எனும் வேட்டைக்காரன் உச்சிக்கருகே நிற்பான். அவன் இடையில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் இருக்கும். தென்கிழக்கே பளிச்சிடுவது ஷிஃரா. திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயம் பெயர் சொல்லும் விண்மீன் இதுவே. அதற்கும் தெற்கே தாழ்ந்திருப்பது ஸுஹைல். தமிழர் அதனை அகத்தியர் விண்மீன் என்பர்.

ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே சப்தரிஷி மண்டலமும், தெற்கே இரண்டு முட்டி உயரத்துக்குள் சிலுவையும் தோன்றும். ஜூலையில் தெற்கே தேள் வடிவம். அதன் நெஞ்சில் செந்நிறக் கேட்டை. அக்டோபர், நவம்பரில் பெகாசஸ் சதுரம் உச்சிக்கு வரும். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் இடைவெளி தர வேண்டும்.

பூமி சூரியனைச் சுற்றிவருவதால் ஒவ்வொரு விண்மீனும் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முந்தி உதிக்கிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஜூன் மாதத்தில் சூரிய ஒளியில் மறைந்திருந்த ஓரியனை ஆகஸ்டில் ஸுப்ஹுக்கு முன் கிழக்கே காணலாம்.

நம் முன்னோர் இட்ட பெயர்கள்

ஓரியனின் காலில் ஒளிரும் ரைஜல், கால் எனப் பொருள்படும் ‘ரிஜ்ல்’ என்னும் அரபுச் சொல்லே. ரோகிணியை உலகம் அல்டெபரான் என்கிறது. ‘பின்தொடர்வது’ என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்வதால் அப்பெயர். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் விண்மீன்களின் இடங்களையும் ஒளியையும் நூலாக வகுத்தார். ஆண்ட்ரோமீடா அண்டத்தை ‘சிறு மேகம்’ எனக் குறித்தவரும் அவரே.

திசை அறியும் வழி

ஓரியனின் இடை விண்மீன்கள் ஏறத்தாழ நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறைகின்றன. மார்ச் நடுவில் நள்ளிரவை ஒட்டி அவை மறையும். நமது பகுதிக்குக் கிப்லா, மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 20 பாகை. மேற்கு நோக்கி நின்று வலப்புறம் இரண்டு முட்டி அளவு திரும்புங்கள், அதுவே கிப்லா. ஓரியன் இல்லாத காலத்தில் துருவ விண்மீனை நோக்கி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் மேற்கு.

ஹிஜ்ரி மாதத்தின் கடைசி நாட்களும் முதல் சில நாட்களும் நிலவொளி குறைந்தவை. அந்நாட்களில் விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் மாடிக்குச் செல்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் பொறுங்கள். முதலில் துருவ விண்மீனைக் காட்டுங்கள். பிறகு கிப்லாவை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.