அடுக்ககத்தில் கிதார் ஆம்ப்ளிஃபயர்

மின்கிதாரின் கம்பி தானாக எழுப்பும் ஓசை மிகச் சிறியது. கம்பிக்குக் கீழே உள்ள பிக்கப், அதிர்வை மின் சைகையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் (பேச்சுவழக்கில் ஆம்ப்) அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மேடைக்காகச் செய்யப்பட்ட ஆம்பை, சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் வாழும் அடுக்ககத்தில் தொனி கெடாமல் மெல்ல வாசிப்பது கிதார் கலைஞர்களின் பழைய சிக்கல். வால்யூம் குமிழைத் தணித்தால் ஓசை குறையும். ஆனால் விரும்பிய தொனியும் அதனுடன் போய்விடும்.

உரத்த ஒலியும் தொனியும்

லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962-இல் ஆம்ப் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே 100 வாட் வகைகளும் வந்தன. அக்காலத்தில் அரங்க ஒலியமைப்பு பெரும்பாலும் பாடகரின் குரலுக்கே பயன்பட்டதால், கிதாரின் ஓசையைக் கடைசி வரிசைவரை கொண்டுசெல்லும் வேலை ஆம்பின் தலையில் விழுந்தது. வால்வை அதன் எல்லைவரை உழைக்க வைத்தால் மின் அலையின் முகடுகள் மழுங்கி, ஓசையில் ஒரு கரகரப்பு ஏறும். பொறியாளருக்கு அது பிழை. ராக் இசைக்கோ அதுவே குரலாகிவிட்டது.

1970களின் நடுவில் மாஸ்டர் வால்யூம் கொண்ட மார்ஷல் ஆம்புகள் வந்தன. இவற்றில் முன்பகுதி வால்வுகளை முழுவேகத்தில் ஓட்டிவிட்டு, இறுதிப் பகுதிக்குச் செல்லும் சைகையைத் தனிக் குமிழால் குறைக்கலாம். கரகரப்பின் ஒரு பங்கு இப்படிக் கிடைத்துவிடும். ஆனால் பவர் வால்வுகளும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் திணறும்போது சேரும் மீதிப் பங்கு கிடைக்காது.

வாட் கணக்கு

குறைந்த வாட் ஆம்ப் வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வருவதில்லை. செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 போன்ற கிதார் ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் எழுப்பும். 50 வாட்டுக்கு அது 117 டெசிபெல். திறனைப் பத்தில் ஒரு பங்காக்கினால் குறைவது 10 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது ஏறத்தாழப் பாதி ஓசையாகத் தோன்றும். எனவே 50 வாட்டுக்குப் பதில் 5 வாட் ஆம்ப் வாங்கினால் 107 டெசிபெல் மிஞ்சும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவு. அதைவிடச் சற்று உரக்க, 70 டெசிபெல்லில் வாசிக்க இந்த ஸ்பீக்கருக்கு வேண்டியது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

காற்றும் கட்டடமும்

திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் தோட்டத்துக்கு நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கு இந்தத் தொலைவே காவல். அடுக்ககத்தில் அது கிடையாது. அங்கே ஓசை இரு வழிகளில் போகிறது. ஒன்று காற்று வழி: ஜன்னல், கதவிடுக்கு, குளியலறை வென்டிலேட்டர். மற்றொன்று கட்டடத்தின் வழி. ஆம்ப் பெட்டியின் அதிர்வு தரையில் இறங்கி, கான்கிரீட் தளம் முழுவதும் பரவி, கீழ்வீட்டின் கூரையை ஒலிக்க வைக்கிறது. கிரைண்டருக்கு அடியில் சாக்கை மடித்துப் போடும் வீடுகள் இந்தப் பாடத்தை ஏற்கெனவே அறிந்தவை. ஆம்பை நாற்காலியின் மீதோ தடித்த ரப்பர், ஃபோம் அடுக்கின் மீதோ வைப்பதும், சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் கீழே கேட்கும் உறுமலைக் குறைக்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் அண்டைவீட்டாருக்குப் பயனில்லை. அது அறைக்குள் எதிரொலியைச் சற்றுக் குறைக்குமே தவிர ஒலி வெளியேறுவதைத் தடுக்காது.

தாழ்ந்த சுருதியின் ஓசையே சுவரை எளிதாகக் கடக்கிறது. இங்கே ஒரு முரண் உண்டு. ஒலி குறையும்போது மனிதக் காது தாழ்ந்த ஓசைகளைக் கூடுதலாக இழக்கிறது என்பதை 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். அதனால் மெல்ல வாசிப்பவரின் கை தானாக பேஸ் குமிழை ஏற்றப் போகும். அண்டைவீட்டாருக்காக அதை ஏற்றாமல் விடுவதே நல்லது.

அட்டெனுவேட்டர், லோட் பாக்ஸ்

ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே பொருத்தப்படும் அட்டெனுவேட்டர், பவர் வால்வுகளைத் திணறவிட்டு, வெளிவரும் திறனில் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றிவிடும். பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர். அவர் உருவாக்கிய பவர் சோக் இவ்வகையின் புகழ்பெற்ற முன்னோடிகளில் ஒன்று. இதையும் கணக்கோடு பார்க்க வேண்டும். 50 வாட் ஆம்பில் 30 டெசிபெல் குறைத்தாலும் 87 டெசிபெல் மிஞ்சுகிறது. வீட்டு டிவியை விட அது உரத்தது.

ஸ்பீக்கரையே விலக்கும் லோட் பாக்ஸ்தான் அடுக்ககத்துக்கு முழுமையான வழி. ஸ்பீக்கர் பெட்டியின் இயல்பைக் கணினி முறையில் சேர்த்து, ஹெட்ஃபோனில் கேட்கலாம். கருவியின் ஓம் மதிப்பு ஆம்பின் வெளியீட்டோடு (4, 8 அல்லது 16) பொருந்த வேண்டும். அதன் வாட் தாங்குதிறனும் ஆம்பைவிடக் குறையக்கூடாது. வால்வு ஆம்பை ஸ்பீக்கரும் லோடும் இல்லாமல் வாசித்தால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகக்கூடும். சத்தம் வேண்டாம் என்று ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு வாசிப்பது செலவில் முடியும்.

பயிற்சி மட்டுமே நோக்கமென்றால் வால்வே தேவையில்லை. 1982-இல் ஷோல்ஸ் வெளியிட்ட ராக்மேன் என்ற இடுப்பில் மாட்டும் ஹெட்ஃபோன் ஆம்பின் வழியில் இன்று எத்தனையோ மலிவான கருவிகள் உள்ளன.

சட்டம்

இந்தியாவின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரையறுக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்நேரத்தில் ஒலிபெருக்கிகளோடு இசைக்கருவிகளையும் விதிகள் பெயர்சொல்லித் தடுக்கின்றன. அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களில் உள்ளுக்குள் பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு. தனியார் ஒலிக்கருவியின் ஓசை அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்கான அளவைவிட 5 டெசிபெல்லுக்கு மேல் கூடக்கூடாது. பகலில் 60 டெசிபெல் என்பது இதன் பொருள்.

எண்ணுக்குள் அடங்கினாலும் தேர்வுக்குப் படிப்பவரோ இரவுப்பணி முடித்து உறங்குபவரோ கீழே இருக்கலாம். வாசிக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பல சண்டைகள் தவிரும். ஹெட்ஃபோனுக்கு மாறியவர்களும் தாளத்துக்குக் காலைத் தரையில் தட்டுவார்கள். அது அவர்கள் காதில் விழாது. கீழ்வீட்டில் நன்றாகக் கேட்கும்.