உங்களுக்குத் தெரியுமா? எது தேயணும்னு முதலில் முடிவு பண்ணுங்க!

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் திருமழிசைத் தொழிற்பேட்டையும் எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் ஐயப்பன்தாங்கல். பகலெல்லாம் கம்பெனி மெஷினில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்கு அடியில் சொந்தமாக ஒரு பெல்ட் கிரைண்டரோ மர லேத்தோ செய்து பார்க்கும் ஆசை இந்தப் பக்கத்தில் பலருக்கு வரும். மோட்டாருக்கும் ஃப்ரேமுக்கும் யோசிக்கிற அளவுக்கு, உரசித் தேயும் பாகங்களுக்கு யாரும் யோசிப்பதில்லை. அதனால் இந்த வாரம் முழுக்கத் தேய்மானம்தான்.

● மிக்ஸியின் அடியில் இருக்கும் கப்ளரை ஏன் இரும்பில் செய்வதில்லை? ஜார் இறுகி நின்றுவிட்டால் முதலில் கப்ளரின் பல் பிய்ய வேண்டும் என்பதற்காகத்தான். கப்ளர் போனால் சில்லறைச் செலவு, மோட்டார் போனால் மிக்ஸியே போச்சு. வீட்டில் செய்யும் கருவிக்கும் இதே கணக்கு: விலை குறைந்ததும், பத்து நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடியதும்தான் தேய வேண்டும். ‘எல்லாமே கெட்டியா இருக்கட்டும்’ என்று செய்த கருவியில், தேய்மானம் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் மாற்ற முடியாத இடமாக இருக்கும்.

● ஷாஃப்ட் கெட்டி, புஷ் மெத்து. பட்டறைகளில் பழகிப்போன விதி இது. புஷ்ஷுக்குப் பேர்போன கன்மெட்டலில் நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். ஒருகாலத்தில் பீரங்கி வார்த்த உலோகம். லாரி, பஸ்ஸின் முன்சக்கரக் கிங்பின்னிலும் இந்தச் செம்புக் கலவை வகைப் புஷ்கள்தான் காலங்காலமாக உழைத்தன. கிரீஸ் கன்னால் அழுத்தும்போது பழைய கறுப்பு கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும்வரை அழுத்தச் சொல்வார்கள். உள்ளே போன மண்ணும் அதோடு வந்துவிடும் என்பதுதான் காரணம்.

● இந்த விதி தலைகீழாகும் இடமும் உண்டு! கிரைண்டர் பக்கத்தில் பறக்கும் எமரித் தூள் மெத்தென்ற புஷ்ஷில் போய்ப் பதிந்துகொள்ளும். அதன்பின் புஷ் ஒரு அரமாகி, கெட்டி ஷாஃப்ட்டை அறுக்கத் தொடங்கும். கழற்றிப் பார்த்தால் புஷ் சாம்பல் நிறத்தில் வழவழவென்று நன்றாகவே இருக்கும். ஷாஃப்ட்டில் மட்டும் நகத்தை ஓட்டினால் தட்டுகிற மாதிரி வளையம் வளையமாகக் கோடு விழுந்திருக்கும். டூல் ரூம்களில் லேப்பிங் செய்வது இதே தந்திரத்தை வைத்துத்தான். ஆகவே பெல்ட் கிரைண்டருக்கு புஷ் வேண்டாம். இருபுறமும் ரப்பர் சீல் வைத்த பால் பேரிங் போடுங்கள்.

● பேரிங் நம்பரிலேயே அளவு இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தால் பெருக்குங்கள்: 6204-ன் துளை 20 மி.மீ., 6205-க்கு 25. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்தான்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02-க்கு 15, 03-க்கு 17. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் தகட்டு மூடி. தூசு பறக்கும் இடத்தில் தகட்டு மூடியை நம்ப முடியாது.

● எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக முடுக்கினால் பாதியில் ஜாம் ஆகி, முன்னேயும் போகாது பின்னேயும் வராது. ஒரே வகை உலோகம் ஒன்றோடொன்று உரசினால் ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். எஸ்.எஸ். ராடில் லீட் ஸ்க்ரூ செய்தால் நட்டைக் கன்மெட்டலில் கடையுங்கள். வார்ப்பிரும்பு மட்டும் விதிவிலக்கு. அதற்குள் செதில் செதிலாக கிராஃபைட் இருப்பதால், வார்ப்பிரும்பின் மேல் வார்ப்பிரும்பு ஓடினாலும் எண்ணெய் இருக்கும்வரை சண்டை வராது. லேத் பெட்டும் சேடிலும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன.

● கோடையில் கச்சிதமாக ஓடிய நைலான் புஷ் ஐப்பசி மழையில் இறுகிப்போகிறதா? ஷாஃப்ட்டைத் திட்டாதீர்கள். நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம்வரை குடித்து உப்பும். நன்றாக ஊறினாலும் டெல்ரின் என்ற இன்னொரு பிளாஸ்டிக் குடிப்பது 1 சதவீதத்துக்கும் கீழே. போரூர் ஏரிக் காற்று வீசும் ஊரில் என் ஓட்டு டெல்ரினுக்கே. இரண்டுமே சூட்டை எளிதில் வெளியே விடாது. வேகமாகச் சுற்றும் ஷாஃப்ட்டுக்கு இரண்டும் ஆகாது.

● ஹைலம் ஷீட்டை ஸ்விட்ச் போர்டு அடிக்கும் அட்டை என்றே பலர் நினைக்கிறார்கள். துணி அடுக்கிப் பிசினில் அழுத்திய ரகத்தில் பல்சக்கரமே வெட்டலாம். இரும்புச் சக்கரத்தோடு கோத்தால் சத்தம் அடங்கிவிடும்.

● 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டாங்கிகளின் சங்கிலித் தடங்களுக்கு உலகெங்கும் பேர்பெற்ற உலோகம் மாங்கனீசு எஃகு. 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது. சுமார் 12 சதவீதம் மாங்கனீசு கலந்த இந்த எஃகு அடி வாங்க வாங்க இறுகும். ஜல்லி கிரஷரின் தாடைத் தகடுகளும் ரயில் தண்டவாளக் கிராசிங்குகளும் இதில்தான். காந்தம் ஒட்டாது. சரி, காயலாங்கடையில் ஒரு துண்டு கிடைத்தால் நம் கருவிக்கு ஆகுமா? ஆகாது. அடியே விழாமல் மெல்ல உரசும் இடத்தில் அது இறுகாமல் சாதாரணமாகவே தேயும். அதில் ஓட்டை போடப் போனால் துளைக்கும்போதே இறுகி டிரில் பிட்டைத் தின்றுவிடும்.

● மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட வண்டி மை ஞாபகமிருக்கிறதா? வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த மசி. கரியும் எண்ணெயும் சேர்ந்த மசகு. இன்றைய கிராஃபைட் கிரீஸுக்கு ஒன்றுவிட்ட தாத்தா!

● புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனால் பைக்கின் பழைய முன் ஃபோர்க் குழாயைத் தேடுங்கள். மேலே கனமாகக் குரோம் ஏற்றி, கிரைண்ட் செய்து, நேராக இருக்கும். வீட்டில் செய்யும் டிரில் ஸ்டாண்டுக்கு இதைவிட நல்ல தூண் புதிதாக வாங்கினாலும் கிடைப்பது அரிது. கடையிலேயே ஓரத்தில் ஒரு அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள்: கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் வாங்கலாம், கடித்துப் பொடி உதிர்ந்தால் குரோம் போய்விட்டது. தரையில் உருட்டியும் பாருங்கள், வளைந்த குழாய் தத்தித் தத்தி ஓடும். தூணுக்குச் சுற்றிலும் டெல்ரின் புஷ் போதும். கை வேகத்தில் ஏறி இறங்குவதற்குச் சூடெல்லாம் வராது.

● அதே கடையில் பழைய பிரேக் லைனரும் கொட்டிக் கிடக்கும். கிளட்ச்சுக்கு ஆகுமே என்று எடுத்துவந்து உலர்வாக ராவ வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கமாக இருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இதற்கு மட்டும் புதிதாக, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.