அழைக்காமல் வந்த எட்டுக் குழுக்கள்



இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். பிரிட்டனில் ரொட்டிக்கும் ரேஷன், நிலக்கரிக்கும் ரேஷன். அந்தத் தட்டுப்பாட்டுக்கு நடுவில்தான், 1947 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ தன் முதல் சர்வதேசக் கலை விழாவைத் தொடங்கியது.

யோசனை சொன்னவர் ருடால்ஃப் பிங். வியன்னாவில் பிறந்து, நாஜி ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஆப்பெரா நிர்வாகி. போர் பிரித்துவிட்ட ஐரோப்பிய மக்களை இசையும் நாடகமும் நடனமும் மறுபடி ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதே விழாவின் நோக்கம். அது முதல் ஆண்டிலேயே கண்கூடானது. நாஜிகளால் நாடிழந்த யூத இசை நடத்துநர் புருனோ வால்ட்டர், தம்முடைய பழைய வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு அங்கே மீண்டும் மேடையேறினார்.

எரிபொருள் பஞ்சத்தால், எடின்பரோ கோட்டைக்கு விளக்கு அலங்காரம் கூடாது என்றது அரசு. நகர மக்கள் தங்கள் பங்கு நிலக்கரியைத் தர முன்வந்தார்கள். தடை தளர்ந்தது, கோட்டை ஒளிர்ந்தது.

அதே ஆண்டு, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. அதுதான் 'ஃபிரிஞ்ச்' விழாவின் தொடக்கம். அதற்குத் தேர்வுக் குழு கிடையாது. அரங்கம் ஒன்றைப் பிடித்துப் பெயர் பதிந்தால் யாரும் நிகழ்ச்சி நடத்தலாம். அண்மை ஆண்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளோடு, தாய் விழாவையே மிஞ்சிவிட்டது ஃபிரிஞ்ச்.