நெடுந்தூர சைக்கிள் பயணமும் நின்று உழைக்கும் பொருட்களும்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை இலங்கையர் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. பெற்றோல் நிரப்பு நிலையங்களின் முன்னால் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டிருந்த அந்த மாதங்களில், வீடுகளின் பின்புறத்தில் கறள் ஏறிக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அம்பாறைக் கரையோரத்தைப் பொறுத்தவரையில் சைக்கிள் ஒருபோதும் முற்றாக மறைந்துவிடவில்லை. மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அதிகாலையில் ஊர் ஊராகச் செல்லும் வியாபாரியும், வயலுக்குச் செல்லும் விவசாயியும் அதனைக் கைவிட்டதில்லை. ஆயினும் பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞர்கள் சிலர் சைக்கிளில் பல நாள் பயணம் செல்ல விரும்புவது இப்பகுதிக்குச் சற்றுப் புதியதாகும்.

பாலமுனையில் இருந்து புறப்படுவோருக்கு இயற்கையே வழி அமைத்துக் கொடுத்திருக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் ஊடாக மட்டக்களப்பை அடையும் ஏ-4 நெடுஞ்சாலை எமது ஊரின் வழியாகவே செல்கிறது. தெற்கே அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் வரை மேடு பள்ளம் மிகக் குறைந்த பாதை. வடக்கே கல்முனை, மட்டக்களப்பு கடந்து திருகோணமலை வரை செல்லலாம். முன்னர் படகுப் பாதையை நம்பியிருந்த கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. இதனால் கரையோரப் பயணம் மேலும் இலகுவாகியுள்ளது.

பயணம் செல்ல விரும்பும் ஒருவர் முதலில் கேட்பது "என்ன பொருள் வாங்க வேண்டும்?" என்பதாகும். விளம்பரங்களைப் பார்த்தால் விலை கூடியதே நீடித்து உழைப்பது என்ற எண்ணம் தோன்றும். ஆனால் 2022ஆம் ஆண்டின் முதற் சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிச் சென்ற அனுபவம் எமக்கு உண்டு. இறக்குமதிப் பொருள் ஒன்றைத் தவறாகத் தெரிவு செய்தால், ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு வீணாகிவிடும். அதைவிடப் பாரதூரமானது, அப்பொருள் நடுவழியில் கைவிடுவதாகும். பொத்துவிலுக்கு அப்பால் லாகுகலைக் காட்டினூடாகச் செல்லும் வீதியில் யானைகள் நடமாடுகின்றன. மாலை மங்கும் நேரத்தில் கரியர் உடைந்து அங்கே நிற்க நேர்ந்தால், அது வெறும் பண நட்டமாக இருக்காது.

எனவே ஒரு பொருளை வாங்குமுன் கேட்க வேண்டியது, "இது உடையாதா?" என்பதன்று. எந்தப் பொருளும் ஒருநாள் உடையும். "உடைந்தால் அடுத்த ஊரில் உள்ள சைக்கிள் கடையில் இதனைத் திருத்த முடியுமா?" என்பதே சரியான கேள்வியாகும்.

சரித்திரம் சொல்லும் பாடம்

1923ஆம் ஆண்டு ஒக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் சுமார் 71,000 கிலோமீற்றர் பயணித்து 1928ஆம் ஆண்டு மார்ச்சில் ஊர் திரும்பினர். 1962ஆம் ஆண்டு வீட்டை விட்டுப் புறப்பட்ட ஹெயின்ஸ் ஸ்டூக்கே என்ற ஜேர்மனியர், மூன்று கியர் மாத்திரமே கொண்ட பாரமான உருக்குச் சைக்கிளில் பல தசாப்தங்கள் சுற்றித் திரிந்தார். அவர் கடந்த தூரம் 6 இலட்சம் கிலோமீற்றருக்கும் அதிகமாகும். அவரது சைக்கிளின் சட்டகம் பல தடவை உடைந்தது. ஒவ்வொரு தடவையும் அதனைப் பற்றவைத்துக்கொண்டு அவர் பயணத்தைத் தொடர்ந்தார். உடைந்த சட்டகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த முடிந்ததனாலேயே அந்தச் சைக்கிள் நீடித்தது எனலாம்.

சட்டகமும் சக்கரமும்

சட்டகம் உருக்கினாலோ அலுமினியத்தினாலோ ஆனதாக இருக்கலாம். அலுமினியம் பாரம் குறைந்தது, கறள் பிடிக்காது. ஆனால் வெடிப்பு ஏற்பட்டால் அதனைப் பற்றவைப்பதற்கு விசேட இயந்திரமும் தேர்ச்சியும் தேவை. உருக்குச் சட்டகத்தை உழவு இயந்திரம் திருத்தும் பட்டறையிற்கூடப் பற்றவைத்துவிடலாம். கறள் என்பதே உருக்கின் குறை. குழாய்களின் உட்புறத்தில் எண்ணெய் பூசி வைப்பதன் மூலம் அதனைப் பெருமளவு தவிர்த்துக்கொள்ள முடியும்.

பாரம் ஏற்றிய சைக்கிளில் முதலில் பழுதடைவது பெரும்பாலும் பின் சக்கரத்தின் கம்பிகளாகும். பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் பொருத்தப்பட்டிருந்தமை காரணமின்றி அன்று. பாரத்தில் பெரும்பங்கு பின்னால் விழுகிறது. இன்றைய சைக்கிளைத் தெரிவு செய்வோர் பின் சக்கரத்தில் 36 கம்பிகளாவது உள்ளதைத் தெரிவு செய்தல் நன்று. அதே நீளமுள்ள மேலதிகக் கம்பிகள் நான்கைச் சட்டகத்தோடு கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

டயரின் அளவும் முக்கியமானது. 26 அங்குல டயரைச் சிறிய ஊர்க் கடைகளிலும் பெறலாம். புதுவகை அளவுகளுக்கு நகரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகலமானதும், உட்புறத்தில் முள் தடுக்கும் பட்டி வைத்ததுமான டயர் எமது வீதிகளுக்கு ஏற்றது. நெருஞ்சி முள் மெல்லிய டயரை விட்டுவைப்பதில்லை. டியூப் வாங்கும்போது மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வு உள்ளதை வாங்கினால், எந்தப் பெற்றோல் நிரப்பு நிலையத்திலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

செயினின் தேய்மானத்தை ஓர் அடிமட்டத்தினாலேயே அளந்துவிட முடியும். புதிய செயினில் ஆணிக்கு ஆணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலத்தையும் தாண்டி ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால், பயணத்துக்கு முன்னரே செயினை மாற்றிவிட வேண்டும். மாற்றாவிடின் பற்சக்கரங்களும் தேய்ந்து செலவு பன்மடங்காகும்.

பிறேக்கிலும் இதே அளவுகோல்தான். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிறேக் நன்றாகப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் எண்ணெய்க் குழாய் கோமாரியில் வெடித்தால் திருத்துவோர் கிடைப்பது அரிது. கேபிளினால் இயங்கும் பிறேக்காயின், ஒரு கேபிளும் இரண்டு இறப்பர்க் கட்டைகளும் கையிருப்பில் இருந்தால் போதுமானது.

கடற்காற்று என்னும் எதிரி

மலைநாட்டில் பத்து ஆண்டுகள் உழைக்கும் பொருள் கடலோரத்தில் இரண்டு ஆண்டுகளில் பழுதடைவதற்கு உப்பே காரணமாகும். காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத் துகள்கள் தாமாகவே நீரை உறிஞ்சிக் கரைகின்றன. இதனால் மழையே பெய்யாவிட்டாலும் உலோகத்தின் மேல் உப்பு நீர்ப் படலம் தங்கி நிற்கிறது. கறள் பிடிக்காத உருக்கினாலான ஆணிகளை வாங்குவது நல்லதே. ஆயினும் அவற்றை அலுமினியப் பாகங்களில் நேரடியாக முறுக்கினால், இரு உலோகங்களுக்கும் இடையே மின் இரசாயனத் தாக்கம் ஏற்பட்டு அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். சில மாதங்களின் பின் அந்த ஆணியைக் கழற்றவே முடியாது போகலாம். புரியில் சிறிதளவு கிறீஸ் பூசுவது இதற்கு எளிய பரிகாரமாகும்.

பைகளின் சிப்பும் இவ்வாறே உப்பினால் இறுகிவிடும். உலோகப் பற்கள் உள்ளதை விடுத்து நைலோன் சுருள் சிப் உள்ளதைத் தெரிவு செய்து, இடைக்கிடை மெழுகுவர்த்தியால் தேய்த்துவிட வேண்டும். பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் நன்னீரால் கழுவி, நிழலில் உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் இடும் பழக்கம் எந்த விலையுயர்ந்த பொருளையும்விட அதிகம் பயன் தரும்.

கரியரும் பைகளும்

உருக்குக் குழாயினாலான கரியர் சிறந்தது. வளைந்தால் நிமிர்த்தலாம், முறிந்தால் பற்றவைக்கலாம். கரியர் பெரும்பாலும் தானாக முறிவதில்லை. அதனைப் பிடித்திருக்கும் சிறு ஆணி தளர்ந்து விழுவதனாலேயே பாரம் ஒரு பக்கம் சரிந்து முறிவு ஏற்படுகிறது. ஆதலால் நைலோன் வளையம் பதித்த நட்டுகளைப் பாவித்து, நாள்தோறும் காலையில் அவற்றைக் கையால் பரிசோதிக்க வேண்டும்.

மழை புகாத சைக்கிள் பைகளுக்குப் பெயர்பெற்ற ஜேர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனத்தின் கதை எமக்கு உற்சாகம் தருவதாகும். 1980களின் தொடக்கத்தில் மழையில் நனைந்தபடி சைக்கிளோட்டிய ஓர் இளைஞர், லொறியை மூடியிருந்த தறப்பாள் துணியைக் கண்டு, அதைக் கொண்டே பை தைத்தார். அதுவே அந்நிறுவனத்தின் ஆரம்பமாகும். அதே வகைத் தறப்பாள் துணி எமது சந்தையிலும் கிடைக்கிறது. லொறித் தறப்பாள் தைப்பவரிடம் கொடுத்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கட்டும்படியான இரு பைகளைக் குறைந்த செலவில் தைப்பித்துக்கொள்ளலாம். தையல் துவாரங்கள் வழியாக நீர் கசியுமாதலால், உடைகளை உள்ளே ஒரு பொலித்தீன் பையில் இடுதல் வேண்டும். இறுக மூடும் சதுரப் பிளாஸ்டிக் வாளிகளைக் கொக்கி வைத்துப் பைகளாகப் பாவிப்போரும் வெளிநாடுகளில் உண்டு.

மழையும் கூடாரமும்

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கடுமையாக இருக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று வெப்பத்தோடு வீசும். இவ்விரு காலங்களுக்கும் ஒரே பொருள் பொருந்தாது. காற்றுப் புகாத மழை அங்கியை எமது வெப்பத்தில் அணிந்து மிதித்தால், மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் நனைவோம். கீழ்ப்புறம் திறந்த தளர்வான மழைப் போர்வையே இங்கு பொருத்தமானது. கச்சான் காலத்தில் பெரிய பைகள் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும் என்பதால் பாரத்தைத் தாழ்வாகக் கட்டுவது அவசியம்.

கூடாரம் வாங்குவோர் துணியைக் கவனிக்க வேண்டும். நைலோன் வெயிலில் விரைவாக வலுவிழக்கும், நனைந்தால் தொய்யும். பொலியெஸ்டர் வெயிலை அதிகம் தாங்கும். பல கூடாரங்களின் உட்புறத்தில் பூசப்படும் பொலியூரித்தேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் சேரும்போது சிதைந்து பிசுபிசுப்பாகி உரிந்துவிடுகிறது. ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்ட கூடாரம் சில ஆண்டுகளில் குப்பையாவது இதனாலேயே. குளிர் நாடுகளுக்கெனச் செய்யப்பட்ட தடித்த கூடாரத்தைவிட, வலைத்துணிச் சுவர்களும் மேலே ஒரு மழை விரிப்பும் கொண்டது எமக்கு ஏற்றது. டெங்கு பரவும் நாட்டில் நுளம்புக்கு எதிரான பாதுகாப்பு ஆடம்பரமன்று. அனுமதி பெற்று ஒரு பள்ளிவாசல் விறாந்தையிலோ நண்பர் வீட்டுத் திண்ணையிலோ உறங்குவோருக்கு நல்ல நுளம்பு வலையும் மருதமுனைச் சாரம் ஒன்றுமே போதுமானவை.

வெளிச்சம்

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். அந்தச் சிறு கருவியின் பெறுமதியை அத்தலைமுறையினர் நன்கறிவர். இன்று மின்னேற்றக்கூடிய எல்.ஈ.டி. விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. மின்கலத்தைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கையே வாங்க வேண்டும். பின்புறச் சிவப்பு விளக்கும் ஒளிதெறிக்கும் பட்டியும் கட்டாயமானவை. எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும், யானைக் காட்டினூடாக இரவில் செல்லாதிருப்பதே சிறந்த பாதுகாப்பாகும்.

முதலில் எதற்குச் செலவிடுவது?

கையில் உள்ள பணம் மட்டுப்பட்டதாயின், முதலில் டயர், பிறேக், பின் சக்கரம் ஆகியவற்றுக்கும், அடுத்துக் கரியருக்கும் விளக்குக்கும் செலவிட வேண்டும். பைகளும் கூடாரமும் கடைசியில் வரட்டும். அவற்றுக்கு மாற்று வழிகள் உண்டு. தேய்ந்த பிறேக்குக்கு மாற்று வழியில்லை. அனைத்தையும் ஏற்றிக்கொண்டு பாலமுனையிலிருந்து பொத்துவில் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்பிப் பார்க்க வேண்டும். தளர்வது எது, நனைவது எது, தேவையில்லாதது எது என்பதை அந்த இரண்டு நாட்களும் காட்டிவிடும்.

அத்தோடு, புறப்படுமுன் ஊரின் சைக்கிள் கடையில் ஒருநாள் அமர்ந்து, ஒட்டுப் போடவும் கம்பி மாற்றவும் பழகிக்கொள்வது மிகவும் பயனுள்ளதாகும். மீன் வியாபாரிகளின் சைக்கிள்கள் எங்கே முறிகின்றன என்பதை அந்தக் கடைக்காரரைவிட நன்கு அறிந்தவர் வேறு யாருமிலர். பொருளை வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நலம்.