இதயத்தில் சூடு, மூளையில் புள்ளி

இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மாத்திரைக்கு அடங்காவிட்டால் கதீட்டர் அப்லேஷன் செய்கிறார்கள். தொடை இடுக்குச் சிரை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவேயுள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போய், நுரையீரல் சிரைகள் வந்து சேரும் வாயைச் சுற்றிச் சூடு வைப்பார்கள். கோளாறான துடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன என்று 1998-இல் காட்டியது பிரான்சின் போர்தோ நகரக் குழு.

வம்பு இந்த இடப்பக்கத்தில்தான். அங்கே சிறு ரத்தக்கட்டியோ காற்றுக்குமிழோ உண்டானால், நேரே மூளைக்கே போய்ச் சேரலாம். அதனால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஏற்றுகிறார்கள், குழாய் முனையை உப்புநீரால் குளிர்விக்கிறார்கள். அப்படியும் 2018-இல் வெளியான ஐரோப்பிய-அமெரிக்க ஆய்வு ஒன்றில், அப்லேஷனுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரின் மூளையில் ரத்தம் தடைப்பட்ட சிறு புள்ளிகள். கை கால் விழவில்லை, பேச்சும் குழறவில்லை.

வெளியே தெரியாததால் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடுமா? மெல்போர்ன் மருத்துவர்கள் இதயத் தாளக் கோளாறுள்ள 150 பேரை உட்காரவைத்து எட்டு அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். சொற்பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். ஓரம் புடைத்த சிறு குச்சிகளைத் திருப்பித் திருப்பித் துளைகளில் செருக வேண்டும். 2013-இல் வந்த முடிவுப்படி, விட்டுவிட்டு வரும் ஃபிப்ரிலேஷனுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் இரண்டாம் நாள் 28% பேர் தடுமாறினார்கள். 90-ஆம் நாள் 13%. சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. குழாய் இடது மேலறையில் அதிக நேரம் இருந்தவர்களிடம் தடுமாற்றமும் கூடுதல்.

ஆனால் முன்சொன்ன 2018 ஆய்வில், மூன்று மாதம் கழித்து நோயாளிகளின் அறிவுத்திறன் மதிப்பெண் சற்றே ஏறியிருந்தது! அங்கே பயன்பட்டது 30 மதிப்பெண்ணுக்கான பொதுச் சோதனை. காய்கறித் தராசில் பொன்னை நிறுத்த மாதிரி. இரண்டாம் முறை எழுதும்போது பழக்கத்தாலேயே ஒரு மதிப்பெண் கூடும் என்பதும் உண்டு. அதற்காக மெல்போர்ன் கணக்கோடு நிறுத்திவிடவும் கூடாது. தாளம் தப்பிய இதயமே சத்தமின்றி மூளையைச் சேதப்படுத்துகிறது. மறதி நோய்க்கும் ஃபிப்ரிலேஷனுக்கும் தொடர்பு உண்டு. அப்லேஷன் செய்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்த கொரிய ஆய்வில், ஏற்கெனவே நினைவாற்றல் மங்கியிருந்தவர்கள்தான் அதிகம் தேறியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மந்தத்தைக் கண்டு சிகிச்சையையே மறுப்பது அவசரம் என்பேன். அஞ்ச வேண்டியது வேறு. “ஆபரேஷன்னா ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திடணுமே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட மாத்திரையான வார்ஃபரினை நிறுத்திவிட்டு அப்லேஷனுக்குப் போனவர்களில் 4.9% பேருக்குப் பக்கவாதம் போன்ற ரத்தக்கட்டிப் பாதிப்புகள், நிறுத்தாதவர்களில் 0.25%. எந்த மாத்திரையை எந்த வேளை விடுவது என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும்.